வேங்கை சாயம் விடும்

நாலாவது நாற்காலியும் ஆடத்தான் செய்தது. சங்கரலிங்கம் அதைத் தரையில் நிறுத்தி, உட்காரும் பலகையில் கையை ஊன்றி ஓர் அமுக்கு அமுக்கினார். முன்னங்கால் ஒன்று டொக்கென்று தரையைத் தொட்டது. கையை எடுத்ததும் எழும்பிக்கொண்டது. சரி, ஆடிவிட்டுப் போகட்டும். ஆடாமல் நிற்க இது என்ன ஆசாரி செய்த நாற்காலியா. பாதி ஆயுசை ஓடுகிற பஸ்ஸில் நின்றுகொண்டே கழித்த கண்டக்டர் செய்தது, கொஞ்சம் குலுங்கத்தான் செய்யும். முதன்முதலில் செய்ததைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அது ஆடுகிறதே என்று ஒரு காலில் விரல்கடை அளவு அறுத்தார், எதிர்க்கால் நீண்டுவிட்டது. அதை அறுத்தார், இது நீண்டுவிட்டது. குரங்கு அப்பம் பங்கு வைத்த கதையாக மாற்றி மாற்றி அறுத்து, கடைசியில் அது பால்வாடிப் பிள்ளை உட்காரும் உயரத்துக்கு வந்து நின்றது. கோமதி வந்து பார்த்துவிட்டு, "பேரன் பொறந்தா உக்காரட்டும், பத்திரமா வைங்க" என்றாள். சொன்னவள் சிரிக்கவில்லை. வேடிக்கை பேசும்போது அவள் முகத்தில் ஒன்றும் இருக்காது, கல்யாணமான புதிதில் அதைப் புரிந்துகொள்ளவே இவருக்கு ஒரு வருசம் ஆயிற்று. இப்போது அந்தக் குட்டை நாற்காலியில் உட்கார்ந்துதான் மற்ற நாற்காலிகளைச் செய்துகொண்டிருக்கிறார், வீட்டுக்குப் பின்னால், மாடிப்படிக்கு அடியில் விழுகிற நிழலில். காலைச் சுற்றி மரச்சுருள். மகள் உமா பள்ளிக்கூடத்துக்குப் போயாயிற்று, ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்க. கோமதி அடுப்படியில் இருக்கிறாள், குக்கர் ஒரு தரம் கத்தி ஓய்ந்தது. இவருக்கு இன்று லீவு.

மரம் எல்லாம் வீடு கட்டி மீந்தது. நிலைக்கு வாங்கின வேங்கையில் முழ நீளமும் அதற்குக் கொஞ்சம் மேலுமாகத் துண்டுகள், கதவுக்கு வாங்கின தேக்கில் பலகைகள், சன்னலுக்கு வந்த வேம்பில் நாலைந்து கோணல்மாணல் சட்டங்கள். "விறகுக் கடைக்காரன் கேக்கான், போட்டுருவமா" என்று இவர் கேட்டதற்கு, "நிலை மரத்தை வெளிய விடப்பிடாது, அது நம்ம வாசலு" என்று கோமதி சொல்லிவிட்டாள். பிச்சாண்டி ஆசாரி சாப்பாட்டு மேசையை மட்டும் முடித்துக் கொடுத்துவிட்டு, அடுத்த வீட்டில் நிலை வைக்க நாள் குறித்தாயிற்று என்று கிளம்பிவிட்டார். போகும்போது மரக்குவியலைக் காலால் நெம்பிப் பார்த்து, "ஆறு நாற்காலிக்குத் தாராளமா வரும் அண்ணாச்சி, மெதுவா வந்து செஞ்சு தாரேன்" என்றார். மெதுவாக என்றால் எப்போது. வருகிற ஞாயிற்றுக்கிழமை தென்காசியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள், கை நனைக்க. பெண் பார்த்துப் போனார்கள், ஜாதகம் சேர்ந்தது, இவர்களும் போய் வீடு பார்த்து வந்தார்கள். அங்கேயும் இங்கேயும் காப்பித்தண்ணியோடு சரி. பேச்சு முடிகிற வரைக்கும் ஒரு வாய் சோறு யாரும் தொடக்கூடாது, தொட்டுவிட்டால் முடிந்தது. அதற்கப்புறம் மாற்றிப் பேசுகிறவன் மனுசனே இல்லை. மாப்பிள்ளையின் அப்பா வேலாயுதத்துக்கு முட்டியில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது, தரையில் சம்மணம் போட முடியாது. அதனால்தான் மேசை, அதனால்தான் நாற்காலி. வருகிறவர்கள் ஐந்து பேர். அவர்களோடு பந்தியில் பெண்ணைப் பெற்றவன் உட்கார வேண்டும், சம்பந்திக்குப் பக்கத்தில், இலையோடு இலை ஒட்டினாற்போல. அதுதான் முறை. யோசனை இந்த இடத்துக்கு வந்ததும் நின்றுவிடும். சங்கரலிங்கம் இழைப்புளியை எடுத்துக்கொள்வார்.

இழைப்புளி போகிற சத்தம் நல்ல சத்தம். ஒரே சீராக, எதையும் கேட்காமல், சர்ரென்று போய்ச் சர்ரென்று வரும். தேக்கு வெண்ணெய் மாதிரி வழிவிடும். வேங்கைதான் முரடு, எதிர் ரேகையில் தள்ளினால் பிய்த்துக்கொண்டு வரும். ஈரக் கையோடு தொட்டால் சாயம் வேறு விடும். "வேங்கை மேல வேர்வை விழுந்தாலும் செவக்கும், சுண்ணாம்புச் சொவர்ல பட்டா தொலைஞ்சீக, கறை போகாது" என்று ஆசாரி முதல் நாளே சொன்னார். அது நிசம்தான். நேற்று வேட்டியில் பட்ட கறையைக் கோமதி எலுமிச்சம்பழம் வைத்துத் தேய்த்தும் பழுப்பாக நிற்கிறது. சங்கரலிங்கம் வலது கையால் தள்ளினார். இடது கை முன்னால் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடித்துக்கொண்டுதான் இருந்தது, கண்ணால் பார்த்தால் தெரிந்தது. கண்ணை எடுத்துவிட்டால் பிடித்திருக்கிறதா விட்டுவிட்டதா என்று சொல்ல முடியாது, சுண்டுவிரலும் மோதிரவிரலும் யாரோ ஒட்டவைத்துவிட்டுப் போன விரல்கள். முதலில் முழங்கைக்குக் கீழே ஒரு தேமல். எலுமிச்சங்காய் அளவு, கொஞ்சம் வெளிறி, ஓரத்தில் லேசான சிவப்போடு. அரிக்காது, வலிக்காது. அரித்திருந்தால் ஒருவேளை கவனித்திருப்பார். ஒருநாள் ராத்திரி டிரிப்பில் டிரைவர் அந்தோணியோடு பேசிக்கொண்டே எஞ்சின் மூடியில் கையை வைத்திருந்தார். அந்தோணிதான் திடீரென்று, "யோவ், கைய எடும்யா, வெந்துரப்போவுது" என்று சத்தம் போட்டான். எடுத்துப் பார்த்தால் கொப்புளம். இவர் சிரித்தார். "கண்டக்டர் தோலுல்லா, காண்டாமிருகத் தோலு" என்றார். அந்தோணியும் சிரித்தான். கடையநல்லூர் ஸ்டாப் வந்தது, விசில் அடித்தார், இறங்குகிறவர்கள் இறங்கினார்கள், ஏறுகிறவர்கள் ஏறினார்கள். அன்றைக்கு டிக்கெட் கொடுத்த கையும் அதே கைதான்.

அதற்கப்புறம் காலையில் பல் தேய்த்ததும் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஓர் ஊக்கை எடுப்பார். கோமதியின் சேலை ஊக்குதான். தேமலின் ஓரத்தில் குத்துவார், சுருக்கென்றது. இன்னும் கொஞ்சம் உள்ளே, சுருக்கென்றதா, சுருக்கென்றதாக நினைத்துக்கொண்டாரா. இன்னும் உள்ளே, ஒன்றும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு குத்துவார். குத்திவிட்டோமா இல்லையா என்று தெரியாமல் கண்ணைத் திறந்து பார்த்தால் ஊசி நின்றுகொண்டிருக்கும். தன் கையில்தான் நிற்கிறது. அப்போது பயம் வர வேண்டுமே, வராது. பயம் எல்லாம் முன்னாலேயே வந்து போய்விட்டது, ஊக்கு எடுக்கும் முன்னால், படுக்கையில் கண் விழித்த அந்தக் கணத்தில். குத்தி முடித்த பிறகு நெஞ்சிலும் அந்தத் தேமலுக்குள் இருப்பதுபோல ஒன்றும் இருக்காது. முகத்தைக் கழுவிவிட்டு வெளியே வந்து தோசை சாப்பிடுவார். மகளுக்கு மாப்பிள்ளை அமைந்த சந்தோசம் கூட அப்படித்தான், வந்த மாதிரி இருந்தது, தொட்டுப் பார்த்தால் இல்லை. கோமதி தேமலைப் பார்த்ததும், "சங்கரங்கோயில்ல பொறந்துக்கிட்டு இதுக்கு மருந்து தேடுவாகளா" என்று கோயிலுக்குப் போய்ப் புற்றுமண் வாங்கிவந்துவிட்டாள். ஊர் பூராவும் சொறி சிரங்குக்கு அதைத்தானே பூசுகிறது. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு தண்ணீரில் குழைத்து, இவர் கையை மடியில் வைத்துக்கொண்டு, டிவியைப் பார்த்தபடி தேய்த்துவிடுவாள். மண் காய்ந்து இழுக்கும்போது ஓரங்களில் தெரியும், நடுவில் தெரியாது. இவரும் டிவியைப் பார்த்துக்கொண்டிருப்பார். "குளுகுளுன்னு இருக்கா" என்பாள். "இருக்கு" என்பார். என்னவோ, அந்த ஒரு பொய் மட்டும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வலித்தது.

மூலைமட்டத்தை எடுத்துக் காலுக்கும் பலகைக்கும் இடையில் வைத்துப் பார்த்தார். கால் வெளியே சாய்ந்திருந்தது. பலகைத் துளையில், கால் முனையில் செதுக்கின நாக்கு சரியாக இறங்கவில்லை, ஒரு பக்கம் கொஞ்சம் செதுக்கினால் இறங்கும். நர்ஸம்மாவும் இந்த மாதிரிதான் ஒரு பேனாவை வைத்துப் பார்க்கிறேன் என்றாள். ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து வந்தவள், சின்ன வயசு, உமாவை விட இரண்டு வயசு கூட இருக்கும், வெயிலில் முகம் கன்றிப்போயிருந்தது. "உங்க வீட்ல யாருக்காவது உணர்ச்சி இல்லாத தேமல் இருக்கா சார்" என்று கேட்டாள். வீடு வீடாகக் கேட்டுக் கேட்டு அந்த வாக்கியம் அவள் வாயில் பஸ் ஸ்டாப் பெயர் மாதிரி ஆகியிருந்தது. "இல்லம்மா." "முழுக்கைச் சட்டை போட்ருக்கீங்களே, லேசா மடிச்சுக் காட்டுங்களேன், பேனா முனையால தொடுவேன், எங்க தொட்டேன்னு சொல்லணும், அவ்வளவுதான்." "இல்லம்மா, எல்லாரும் நல்லாருக்கோம், மோர் குடிக்கியா" என்று சொன்னார். மோர் குடித்துவிட்டு வாசல் சுவரில் சாக்பீஸால் ஒரு குறி போட்டுவிட்டுப் போனாள், பார்த்த வீடு என்பதற்கு அடையாளம். எல்லா வீட்டிலும்தான் போட்டிருந்தாள். ஆனாலும் புதுச்சுவரில் அது தனியாகத் தெரிந்தது. அழித்தால் ஏன் அழித்தாய் என்று யாராவது கேட்பார்களோ என்று இவர் அழிக்கவில்லை. குறி இன்னும் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை வேலாயுதம் காரிலிருந்து இறங்கி நேராக அதன் முன்னால்தான் செருப்பைக் கழற்றுவார். மருந்து இருக்கிறது என்பது இவருக்குத் தெரியாதா. இவர் பஸ்ஸிலேயே டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறது, முழுவதும் குணமாகும், மாத்திரை இலவசம் என்று. எத்தனை வருசம் அதைப் பார்த்துக்கொண்டே சில்லறை எண்ணியிருக்கிறார். குணமாகும், சரி. மாத்திரை தின்றால் தேமல் போகும். ஊர் வாயில் விழுந்த பேர் எந்த மாத்திரைக்குப் போகும்.

பேர் என்றதும் சுப்பையா மாமா வந்து நின்றுவிடுவார். அம்மாவின் தம்பி. அவரை நினைக்கக் கூடாது என்று இருந்தால் உளி நழுவும், நினைத்தாலும் நழுவும். மாமாவுக்குக் கை விரல்கள் மடங்கியிருக்கும். அந்தக் காலத்தில் எந்த மருந்தை எங்கே போய் வாங்க. பெரிய வியாதி என்பார்கள், அதற்குமேல் பேர் சொல்ல மாட்டார்கள். மாமா கொடியவரும் இல்லை, பாவப்பட்டவரும் இல்லை, வெற்றிலை போட்டுக்கொண்டு சீட்டு விளையாடுகிறவர்களுக்குத் தள்ளி நின்று யோசனை சொல்கிற ஆள். யாரும் அவரை அடித்து விரட்டவில்லை. அதுதான். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவர் மகள் கல்யாணத்தில், சொந்த மகள் கல்யாணத்தில், பந்தி நடந்துகொண்டிருந்தது. பாயாச வாளியோடு சித்தப்பா ஓடிக்கொண்டிருந்தார். மாமா மண்டபத்துக்குப் பின்னால், பாத்திரம் கழுவுகிற இடத்தில், ஒரு துண்டை அவிழ்த்தார். உள்ளே வீட்டிலிருந்து கொண்டுவந்த அவருடைய அலுமினியத் தட்டு. யாரும் கொண்டுவரச் சொல்லவில்லை, அவராகவே கொண்டுவந்திருந்தார். தட்டை நீட்டிக்கொண்டு, சோறு போட வந்தவரிடம், "மேல படாம போடுப்பா" என்றார். ரொம்பச் சாதாரணமாக, உப்புக் கொஞ்சம் கம்மி என்கிற மாதிரி. சங்கரலிங்கம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார், பார்த்துவிட்டுப் பந்திக்குப் போய் இரண்டு தரம் பாயாசம் வாங்கிச் சாப்பிட்டார். பாயாசத்தில் முந்திரி நிறையக் கிடந்தது.

இப்போது ஐந்து நாற்காலிதான் செய்கிறார். கோமதியிடம் மரம் போதவில்லை என்று சொல்லியாயிற்று. "ஆசாரி ஆறுன்னாரே" என்றாள். "ஒரு பலகையும் காலுக்கு வச்சிருந்த வேங்கையும் கரையான் அரிச்சுப் போச்சு, தூக்கிப் போட்டுட்டேன்" என்றார். சொல்லும்போதே வாய் கொஞ்சம் குழறியது, ஆனால் அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், நிமிரவில்லை. அந்தப் பலகையும் வேங்கைத் துண்டுகளும் மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், சிமெண்டுச் சாக்குக்கு அடியில் பத்திரமாக இருக்கின்றன. திட்டம் எல்லாம் தயார். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் உட்கார்ந்ததும், "நீங்க சாப்பிடுங்க, நான் நின்னு பரிமாறுதேன், சம்பந்தியை நின்னு கவனிக்கணும்லா" என்று சொல்லி ஒரு கரண்டியைக் கையில் எடுத்துக்கொண்டுவிட வேண்டியது. நாற்காலி ஐந்துதான் இருக்கிறது, அப்புறம் யார் வற்புறுத்த முடியும். எல்லாவற்றுக்கும் வழி இருக்கிறது. சாப்பிட்ட தட்டை உடனே தானே எடுத்துப்போய்க் கழுவி வைக்கிற பழக்கத்தையும் இப்படித்தான் கொண்டுவந்தார். கல்யாணமான நாளிலிருந்து கோமதி இவர் சாப்பிட்ட தட்டிலேயே தனக்குப் போட்டுக்கொள்கிறவள். "ஒரு தட்டு கழுவுறது மிச்சம்" என்பாள், வேறு காரணமே இல்லாத மாதிரி. இப்போது அவள் கையை நீட்டும்போது தட்டு குழாயடியில் இருக்கும். "என்ன, புது வீட்டுக்கு வந்ததும் தொரைக்குப் புதுப் பழக்கம்" என்று ஒரு தரம் கேட்டாள். அதற்கப்புறம் கேட்கவில்லை. கேட்காதது நல்லதுதான் என்று இவர் நினைத்துக்கொண்டார். வேலாயுதத்திடம் சொல்லிவிட்டால் என்ன என்றும் நடுவில் ஓர் எண்ணம் வரும், வந்த வேகத்தில் போய்விடும். சொல்லி, அவர் காப்பி டம்ளரை அப்படியே வைத்துவிட்டு எழுந்து, அவர் பின்னால் மாப்பிள்ளைப் பையன் எழுந்து, அடுப்படி வாசலில் உமா பரிமாறுவதற்கு வாளியோடு நின்றுகொண்டு. அந்த வாளிதான் கண்ணில் நிற்கும். முகம் வராது. எவ்வளவு முயற்சி பண்ணினாலும் உமாவின் முகம் அந்த இடத்தில் வரவே வராது.

காலைக் கழற்றி, உளியை வைத்துச் சுத்தியலால் தட்டினார். நாக்கில் சீவல் சீவலாக வந்தது. வேங்கைக் கால், தேக்குப் பலகை, முதுகுக்கு வேம்பு. மூன்று மரம், மூன்று நிறம், வார்னிஷ் அடித்தால் ஒன்றுபோலத் தெரியும் என்று ஆசாரி சொல்லியிருக்கிறார். கொஞ்சம் இறுக்கமாக இருந்தது, இடது கையால் காலை அணைத்துப் பிடித்துக்கொண்டு உளியைக் கையாலேயே தள்ளினார். வேலாயுதம் கனத்த சரீரம், இதில் உட்காருவாரா, ஆடாத நாற்காலியில்தான் அவரை உட்காரவைக்க வேண்டும், இரண்டாவது நாற்காலி பரவாயில்லை. மாமாவின் மகளுக்கு இப்போது எத்தனை பிள்ளைகள், அவள் எந்த ஊரில் இருக்கிறாள். கல்யாணத்தன்று அவள் சாப்பிட்டாளா. உளி சட்டென்று இளகி முன்னால் போனது, நாக்கு சரியாகிவிட்டது போலிருந்தது, துளையில் வைத்தார், சுத்தியலால் தட்டினார், இறங்கிவிட்டது. அப்பாடா. பலகையைத் தடவிப் பார்த்தார். கால் சேருகிற மூலையில் சிவப்பாக இருந்தது. வேர்வை விழுந்திருக்கிறது, வேங்கை சாயம் விடுகிறது. தோள் துண்டால் துடைத்தார். திரும்பவும் சிவந்தது. பாவி மரம், தேக்கில் ஏறிவிட்டால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாலும் போகாதே என்று இன்னும் அழுத்தித் துடைத்தார். துடைக்கத் துடைக்க அது பரவியது, பலகை பூராவும் பூசினாற்போல. எவ்வளவு சாயம் விடுகிறது இந்த ஒரு துண்டு. ஈர மரத்தைக் கொடுத்து ஏமாற்றிவிட்டான் மரக்கடைக்காரன் என்று நினைத்துக்கொண்டார்.

கோமதி சோறு ஆறுகிறது என்று கூப்பிட வந்தவள் படிக்கட்டுக்குப் பக்கத்தில் நின்றாள். கூப்பிடவில்லை. இவர் நிமிர்ந்து, "வேங்கை சாயம் விடுது பாரு, அந்த எலுமிச்சம்பழத் தோலு இருந்தா எடுத்துட்டு வா" என்றார்.

"கைய காட்டுங்க."

"கையில என்ன, மரத்துல—"

"எடது கைய காட்டுங்கங்கேன்."

காட்டினார். சுண்டுவிரலுக்குக் கீழே உள்ளங்கை ஓரம் வாய் திறந்திருந்தது. ஆழமாக, சீராக, உளி அகலத்துக்கு. ரத்தம் மணிக்கட்டு வழியாக இறங்கி, முழங்கையில் சேர்ந்து, குட்டை நாற்காலியின் கீழே மரச்சுருளில் சொட்டிக்கொண்டிருந்தது. வேறு யாருடைய கையையோ பார்க்கிற மாதிரி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். வலிக்கவில்லை. வலித்த மாதிரி முகத்தைச் சுளிக்க வேண்டும் என்று தோன்றியது, சுளித்தார், ரொம்ப நேரம் கழித்து. இவ்வளவு நாள் பொத்திப் பொத்தி வைத்தது ஒரு துண்டால் துடைத்ததில் வெளியே வந்துவிட்டது. கோமதி முந்தானையைக் கிழிக்கவில்லை, அலறவில்லை. கொடியில் காய்ந்த வேட்டியை இழுத்து, கிழித்து, பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கட்டினாள். இறுக்கிக் கட்டினாள். இறுக்கியது இவருக்குக் கட்டைவிரல் பக்கம் மட்டும் தெரிந்தது.

"சுளிக்காதீங்க. எனக்குத் தெரியும்."

அவர் சுளிப்பை விட்டார்.

"மண்ணு தேய்க்கும்போது கிள்ளிப் பாப்பேன்" என்றாள். குரல் டிவி பார்த்துக்கொண்டு பேசுகிற குரல்தான். "மொதல்ல வெளையாட்டாத்தான் கிள்ளுனேன். நீங்க பேசாம இருந்தீக. அப்புறம் டெய்லி கிள்ளுனேன், நகம் பதிய. ஒருநாளாச்சும் கைய இழுப்பீகன்னு. இன்னைக்கு இழுப்பாக, இன்னைக்கு இழுப்பாகன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். நீங்க குளுகுளுன்னு இருக்குங்கீக."

ராத்திரி ராத்திரி மடியில் கையைக் கொடுத்துவிட்டு இவர் பொய் சொல்லிக்கொண்டிருந்தார், அவள் கிள்ளிக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "ஏன் சொல்லல" என்று கேட்டார். கேட்டதும் அந்தக் கேள்வி யார் யாரைக் கேட்க வேண்டியது என்று புரிந்து வாயை மூடிக்கொண்டார்.

"நீங்க சொல்லுவீகன்னு இருந்தேன். தட்டைக் கழுவ ஆரம்பிச்சீகள்லா, அன்னைக்கு அடுப்படில ஒக்காந்து அழுதேன். வியாதிக்கு அழல. என்னையத் தள்ளி வச்சுட்டீகளேன்னு அழுதேன்."

சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். உள்ளே போகவில்லை, மாடிப்படி ஏறுகிற சத்தம் தலைக்கு மேலே கேட்டது. இவர் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இப்போதாவது ஏதாவது வர வேண்டும், அழுகையோ, வெட்கமோ, பயமாவது. பலகையில் ரத்தம் காய்ந்து கறுக்கத் தொடங்கியிருந்தது. அதைச் சுரண்டி எடுக்க வேண்டும், அப்புறம் வார்னிஷ். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் நாள் இருக்கிறது. மேலே சாக்கு இழுபடுகிற சத்தம் கேட்டது. அது என்ன சத்தம் என்று தெரிந்தும் தெரியாத மாதிரி உட்கார்ந்திருந்தார். கோமதி படியிறங்கி வந்தாள், தோளில் தேக்குப் பலகை, கக்கத்தில் வேங்கைத் துண்டுகள், தலையெல்லாம் சிமெண்டுத் தூசி. எல்லாவற்றையும் அவர் காலடியில் தொப்பென்று போட்டாள்.

"வேங்கையக் கரையான் அரிக்குமாம்" என்றாள் மூச்சு வாங்க. "அதையும் நான் நம்புனேன். கரையானுக்குப் பல்லு உடஞ்சுல்லா போவும்."

"கோமதி, அவங்க பக்கத்துல நான் எப்படி—"

"காலைல மொத வேலையா ஆஸ்பத்திரி. அந்த நர்ஸுப் பிள்ளையைப் பாத்து மாத்திரைய வாங்குதோம். நானும் உமாவும் சேந்து காட்டிட்டு வாரோம், வீட்ல ஒருத்தருக்கு இருந்தா எல்லாரும் காட்டணும்னு, மோர் குடுக்கும்போது அந்தப் பிள்ளையே எங்கிட்ட சொல்லிச்சு. அப்புறம் தென்காசிக்கு நாமளே போன் பண்ணிச் சொல்லிருவோம். நீங்க பண்ணுங்க, நான் பக்கத்துல நிக்கேன்."

"வரமாட்டாங்க."

"வந்தா வரட்டும்."

"உமா..."

கோமதியின் கண்ணிலும் அந்த வாளி தெரிந்திருக்க வேண்டும். உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள், முந்தானையால் முகத்தை ஒரு தரம் துடைத்தாள், சிமெண்டுத் தூசி கன்னத்தில் சேறாக இழுபட்டது. "மறைச்சுக் கட்டிக்கொடுத்துட்டு, பொறவு தெரிஞ்சு அவளைத் திருப்பி அனுப்புனா, அப்ப என்ன செய்வீக" என்றாள். அதை இவர் யோசித்ததே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. தன் தட்டு, தன் நாற்காலி, தன் கை. மாமாவும் தட்டைக் கொண்டுவந்தபோது மகளை நினைத்துத்தான் கொண்டுவந்தேன் என்று நினைத்திருப்பார். மாமாவிடம் ஒருத்தர் கூட அதை உள்ளே வை என்று சொல்லவில்லை. தானும் சொல்லவில்லை. பாயாசம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

"எந்திரிங்க" என்றாள். "அந்தப் பேரன் நாற்காலிய விட்டு எந்திரிச்சு, நேரா ஒக்காருங்க. இதுல." ரத்தக்கறை பட்ட நாலாவது நாற்காலியைக் காலால் நகர்த்தினாள். அது ஆடியது. அவர் உட்கார்ந்தார், முன்னங்கால் டொக்கென்று தரையைத் தொட்டது. கோமதி தரையில் கிடந்த அளவுநாடாவை எடுத்து, ஒரு முனையை அவர் குதிங்காலுக்குக் கீழே மிதித்துக்கொண்டு, மறுமுனையை முட்டியின் பின்பக்கம் வரைக்கும் இழுத்தாள். அவள் கைபட்ட இடம் தெரிந்தது. கால் அல்லவா, காலில் தேமல் ஒன்றும் இல்லை. சூடாக, கொஞ்சம் சொரசொரப்பாக, மிளகாய் அரிந்த கை. அந்தத் தெரிதல் எங்கேயோ உள்ளே போய் இடித்தது. "இந்த ஒசரம் போதுமா, ஒங்களுக்கு" என்று கேட்டாள். அவர் தலையை ஆட்டினார். அவள் நாடாவில் நகத்தால் ஓர் அடையாளம் வைத்துக்கொண்டு, "ஆறாவதைக் கொஞ்சம் நல்லாச் செய்ங்க, ஆடாம" என்றாள். "அவுக வரலைன்னாலும் நாமதான் ஒக்காரணும்." பிறகு உள்ளே போய் ஒரே தட்டில் சோறு போட்டு எடுத்துவந்து, குட்டை நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள். மடியில் தட்டை வைத்துக்கொண்டு, குழம்பு ஊற்றிப் பிசைந்து, முதல் கவளத்தை அவள் சாப்பிட்டாள். இரண்டாவதை உருட்டி அவர் முன்னால் நீட்டினாள்.